முன்னால் போன மஞ்சள் ஹெல்மெட்

எலியா கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே பைக்கில் தாவி ஏறினான். இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தடத்தில் அவனுக்கு இது முதல் உலக சாம்பியன்ஷிப். தகுதிச் சுற்று முடியப் போகிறது. அவன் நேரமோ இன்னும் தேறவில்லை. இந்தக் கடைசி ரவுண்டையும் கோட்டைவிட்டால் நாளைப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

"சாம்பியன் சர்த்தோரி மாதிரியே ஹெல்மெட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சாப் போதுமாடா? அவர் முதுகுல ஒட்டிக்கிட்டுப் போ. காத்தை அவர் கிழிப்பார், நீ நோகாம வந்துடலாம்!" என்று கத்தினாள் மெக்கானிக் ஓர்னெல்லா.

"என்னைப் பார்த்தா வேகத்தைக் குறைச்சுக் கழட்டி விட்டுடுவாரேக்கா?"

"அவர் பார்க்கிறதுக்குள்ள ஒட்டுடா, கழுதை!"

இரண்டாவது வளைவிலேயே முன்னால் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. எலியா ஒட்டிக்கொண்டான். அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. பேய் துரத்துவதுபோலப் பறந்தார். எலியாவும் பின்னாலேயே பறந்தான்.

ரவுண்டு முடிந்ததும் நேரப் பலகையில் அவன் பெயர் ஏறியது. ஏழாவது இடம்!

நன்றி சொல்ல ஓடினான். "சர்த்தோரி அண்ணே..."

மஞ்சள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மீசை அரும்பாத ஒரு முகம் வெளியே வந்தது. அவனைப்போலவே ஹெல்மெட்டுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டு முதல்முறை வந்திருக்கும் இவான்!

"சர்த்தோரியா? அவர் பைக் கிளம்பவே இல்லையாம், ஷெட்லயே உட்கார்ந்திருக்காராம். இப்பத்தான் சொன்னாங்க" என்றவன், எலியாவின் கையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்ததும் அலறினான்.

"அடப்பாவி, பின்னாடி வந்தது நீயா? சாம்பியனுக்கு வழிய மறிச்சிட்டமேன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டினேன்டா!"