சுவருக்கு அந்தப் பக்கம்

பின்லாந்தில், ஏரிக்கரை எழுத்தாளர் விடுதி. நாவலைப் பாதியில் கைவிட்டு ஐலா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை ரைமோ எட்டிப் பார்த்தான்.

“என்னங்க, கிளம்பிட்டீங்களா?”

“பின்னே? விடிஞ்சதுலேருந்து டைப்ரைட்டரைப் போட்டுத் தட்டுறீங்களே, நீங்க மனுஷனா மெஷினா? எனக்கு ஒரு வரிகூட வரல. உங்களை மாதிரி எழுத என்னால முடியாது.”

ரைமோவின் முகம் வெளுத்தது.

“நான் எங்கங்க எழுதினேன்? சமையல் புத்தகத்தைப் பார்த்து அடிச்சிட்டிருந்தேன்.”

“எதுக்கு?”

“நீங்க தினமும் ஏரியைச் சுத்தி நடந்தீங்க. மொத்த நாவலையும் மனசுலயே எழுதுறீங்கன்னு நெனச்சேன். பயம் வந்துடுச்சு. சும்மா உக்கார முடியல.”

ஐலா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“யோவ், உன் சத்தம் தாங்காமத்தான்யா நான் வெளிய நடந்தேன்!”