ஃபில்டருக்கு ஒரு மழைக்கோட்டு

கார் நிறுத்துமிடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

முன்பக்க பம்பரின் ஒரு ஓரம் கழன்று கிடந்தது. உள்ளே கையை விட்டு, ஏர் ஃபில்டருக்குக் கறுப்புத் துணி உறையை மாட்டிக்கொண்டிருந்தான். இழுத்தான். சுருக்கம் போக நீவினான். மறுபடி இழுத்தான்.

அடேயப்பா, என்ன பக்குவம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், காய்ச்சல் என்று படுத்தபோதுகூட அந்தக் கை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அப்பாவின் பத்தாம் நாள் காரியம் முடிந்து இப்போதுதான் வந்து நிற்கிறாள். தோளில் பை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

அவன் திரும்பவில்லை.

"மழைக்கோட்டு மாதிரி இது. தெறிக்கிற தண்ணி இனிமே ஒரு சொட்டு உள்ள போகாது. முங்காம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

அவளிடம் சொன்னானா, காரிடம் சொன்னானா, தெரியவில்லை.

பத்து நாளைக்கு முன்னாலும் இதே மழைதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ ஒன்றும் வரவில்லை. காரை எடுங்க, காரை எடுங்க என்று கெஞ்சினாள்.

வேகத்துக்காக ஃபில்டரைக் கீழே இறக்கி வைத்திருக்கிறானாம். ஒன்றரைச் சாண் தண்ணீரில் இறங்கினால் என்ஜின் தண்ணீரைக் குடித்துவிடுமாம். குடித்தால் அதோடு சரியாம்.

"நீ பஸ்ல போயேன்" என்றான்.

போனாள். போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. மூன்றேகாலுக்கே அப்பா போய்விட்டிருந்தார்.

இவன் மறுநாள் எடுக்கிற நேரத்துக்கு வந்தான். மழை விட்ட பிறகு.

பாவி.

பம்பரை மாட்டி முடித்தான். போன் அடித்தது. கார்ப் பைத்தியம் பிடித்த கூட்டம் ஒன்று அவனுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டிகளோடு கடற்கரைச் சாலையில் கூடும்.

"கிளம்பிட்டேன் ஜெரால்டு. பத்து நிமிஷம்."

போனை வைத்துவிட்டுக் குனிந்து டயரைத் தடவினான்.

"ஏய், சப்வே வழியாத்தானே வந்தே? தண்ணி நிக்குதா?"

அவளுடைய வெளிர்நீலப் பேன்ட்டில் முட்டிவரை சேறு. கோடு போட்டதுபோல் அங்கே வந்து நின்றிருந்தது.

அவன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று அவள் நின்றாள். பார்த்தால் போதும். கேட்கவே வேண்டியிருக்காது.

அவன் அடுத்த டயருக்குப் போனான்.

"கேக்கறேன்ல? நிக்குதா, இல்லையா?"

"இல்லைங்க" என்றாள். "தாராளமா போலாம்."

கார் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

அவள் படியில் உட்கார்ந்து பேன்ட் காலைப் பிழிந்தாள். சேற்றுத் தண்ணீர் கார் நின்ற இடம்வரை ஓடியது.

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள்.