எள்ளுருண்டைப் பெட்டி

கஞ்சா எண்ணெய் ஊற்றி அருளப்பன் வீட்டிலேயே எள்ளுருண்டை பிடித்தார். புற்றுநோயில் கிடந்த மனைவி சவேரியாளின் வலி வேறு எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. உருண்டைகளை ஆஸ்பத்திரி கொடுத்த, கேமரா பொருத்திய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். அவள் முகத்தில் வலி தெரிந்தால் மட்டுமே அது திறக்கும்.

அவளோ, யார் பக்கத்தில் வந்தாலும் சிரிக்கிறவள். பிரசவ வலியில்கூட, பார்க்க வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவள். அருளப்பன் கட்டிலருகே இருக்கும்வரை பெட்டி அசையாது.

"கொஞ்சம் மொகத்தச் சுளியேன் பிள்ள," என்று கெஞ்சுவார்.

"ஒங்களப் பாத்தா சுளிக்க வரமாட்டேங்குதே," என்பாள்.

அதனால் மருந்து நேரத்தில் அவர் வாசலில் போய் நிற்கப் பழகினார். மூடி திறக்கும் சத்தம் கேட்டால்தான் மனசு ஆறும்.

அன்று அவள் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு உருண்ட வேண்டாம். நீங்க இருங்க."

"வலி தாங்கமாட்ட பிள்ள," என்று அவள் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு வெளியே போனார்.

மூடி உடனே திறந்தது. நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்து, அதை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். திறந்த பெட்டியில் உருண்டைகள் அப்படியே இருந்தன. அவள் கை, அவர் உட்காரும் நாற்காலியின் மேல் அசைவில்லாமல் கிடந்தது.