பன்னிரண்டாவது நாற்காலி

பாதம் கழுவிக்கொள்ள வருகிறவர்கள் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்று பாஸ்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அதனால் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமலும், தண்ணீர் டேங்கர் பக்கத்தில் பெண்கள் வரிசையாகக் குந்தி, தில்லிக் குளிரில் பல் கிட்டிக்கச் செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பவர்கள் முகம் சுளித்துவிடக் கூடாதில்லையா.

பவுனு தேய்க்கவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. அவளுடைய இடது பாதத்தின் அடியில் தீபாவளியிலிருந்து ஒரு புண் இருந்தது.

வலிக்காத புண். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஈ மொய்க்கும்போதுதான் அங்கே ஒரு கால் இருப்பதே ஞாபகம் வந்தது.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் போய் நின்றால், மறுநாள் அந்த வீடுகளில் வேறொருத்தி நின்றிருப்பாள்.

ஆகவே, வந்திருக்கும் ஊழியக் குழுவில் ஒரு டாக்டர் இருக்கிறார், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார் என்று பக்கத்துக் குடிசை மஞ்சு சொன்னபோது, பவுனு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அவளுடைய சந்துக்கே டாக்டர் வந்துவிட்டார்.

ஆனால் டாக்டர் வைத்தியம் பார்க்க வரவில்லை. அவர் வந்தது டூரிஸ்ட் விசாவில். ஊசி, மருந்து என்று கை வைத்தால் போலீஸ் வரும், சபைக்கு வம்பு. பத்து நாள் ஊழியம் என்பது பாட்டு, பிரசங்கம், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பொட்டலம். கடைசி நாள் பாதம் கழுவுதல். இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோலப் பன்னிரண்டு பேருக்கு.

பன்னிரண்டாவது நாற்காலிக்காரி வரவில்லை. வேலை செய்கிற வீட்டு அம்மா விடவில்லையாம். கேமரா தயாராக நின்றது, வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. வாசலோரம் நின்ற பவுனுவைப் பாஸ்டரம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜல்தி வந்து உக்காரு. நல்ல கால மட்டும் நீட்டு. சீக்கப் பத்தி வாயத் திறக்கக் கூடாது, என்ன?"

பவுனு மாட்டைப் போலத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் முழங்காலாலேயே ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொருத்தியின் காலுக்கும் அவர் மெய்யாகவே அழுதார்.

பவுனு மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சார், இந்தப் புண்ண கொஞ்சம் பாருங்க. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

அவர் வெந்நீர்ப் பேசினை அவள் முன்னால் வைத்தார். அவள் காலில் சுற்றியிருந்த துணியைச் சட்டென்று உருவிப் போட்டுவிட்டு, புண்ணிருந்த காலை நீட்டினாள். அந்தப் பக்கம் பாஸ்டரம்மாவின் முகம் கறுத்தது.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தது முகத்தைத்தான்.

பவுனு வாயைத் திறந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடினால் ஜெபம். ஜெபத்தின் நடுவே பேசக் கூடாது என்பது அந்தச் சபைக்கு வருகிற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பவுனு திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் அப்போதும் இதமாகச் சுட்டதாம், பக்கத்து நாற்காலியில் இருந்த மஞ்சு பிறகு சொன்னாள். பவுனுவின் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை குதிகாலைத் தடவின, பாதத்துக்கு அடியில் போயின, அந்தப் பள்ளத்தில் நின்றன.

டாக்டர் விரல். அதற்குத் தெரியாமலா இருக்கும்?

கண்ணத் திறங்க சார், கண்ணத் திறங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

அவர் திறக்கவில்லை. குரல்தான் உயர்ந்தது. இந்தச் சகோதரியின் காயங்களை நீரே ஆற்றும் ஆண்டவரே என்று தழுதழுத்தார். அறை முழுக்க ஆமென் என்றது. கண்ணை மூடியபடியே துண்டால் ஒற்றிவிட்டு எழுந்தபோது, அவரை அணைத்துக்கொள்ள நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

பேசினில் இருந்த செம்மண் நிறத் தண்ணீரை யாரோ கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார்கள்.

அந்தப் பயணத்தில் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது என்று சிங்கப்பூரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். டாக்டரின் கன்னத்தில் கண்ணீர், எதிரே கைகூப்பிய ஏழைப் பெண். சபைக்கு ஒரு ஹீட்டரும் வந்தது.

அடுத்த டிசம்பரில் அதே குழு மறுபடி வந்தது.

இந்த முறை பவுனு கதவோரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்டரம்மாவே அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முதல் நாற்காலியில் உட்கார வைத்தாள். கேமராக்காரரையும் கிட்டே வந்து நிற்கச் சொன்னாள்.

எந்தக் காலை நீட்டுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவளிடம் இப்போது நல்ல கால் மட்டும்தான் இருந்தது.

டாக்டர் முழங்காலிட்டார். இடது பக்கம் புடவை வெறுமையாகத் தொங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது. அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னம்மா இது, இவ்வளவு தூரம் போற வரைக்கும் ஒரு டாக்டர்கிட்டகூடக் காட்டலையா?"

பவுனு வாயைத் திறந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.