மின்னலைப் பிடிக்க

"இந்த மின்னலுங்கிறது யாருடி? சொல்லப்போறியா, போனப் போட்டு ஒடைக்கவா?"

சுகுணா போட்ட சத்தத்தில், ஐந்தாவது படிக்கும் சிவரஞ்சனி சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைக்கக்கூட சுகுணாவுக்குத் தோன்றவில்லை.

"கேம்ல என் ஃப்ரெண்டும்மா. ரெண்டு பேரும் சேந்து வீடு கட்டுவோம். அவளும் அஞ்சாவதுதான்."

"அஞ்சாவதுன்னு அவன் சொன்னான், நீயும் நம்பிட்ட. மூஞ்சியப் பாத்திருக்கியா? கொரலக் கேட்டிருக்கியா?"

"இல்லம்மா. டைப் பண்ணித்தான் பேசுவோம்."

சுகுணா அந்தச் செய்திகளை மறுபடியும் தள்ளித் தள்ளிப் படித்தாள். 'உன் போட்டோ அனுப்பு.' 'அம்மா வெளிய போனதும் வா, அப்பதான் ரொம்ப நேரம் விளையாடலாம்.' 'கேம்ல உன் பொம்மைக்கு ரெக்கை வாங்கித் தரேன், யார்ட்டயும் சொல்லாத.'

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை உட்கார வைத்து, எதையெல்லாம் கண்டால் உஷாராக வேண்டும் என்று சொன்னார்களோ, அத்தனையும் இதில் இருந்தது. புருஷன் குவைத்தில். சொன்னால் பாவம், அங்கே தனியாகக் கிடந்து தவிப்பான். அண்ணனுக்குத்தான் போன் போட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் நாகராசு பைக்கை எடுத்துக்கொண்டு குடுமியான்மலைக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, ஸ்கூல் மீட்டிங்ல ஒரு நம்பர் குடுத்தாங்க. போலீஸ்ல சொல்லிருவமா?"

"கிறுக்கா ஒனக்கு? பொம்பளப்புள்ள பேரு ஸ்டேஷன் வரைக்கும் போகலாமா? நாளைக்கு இவளுக்குச் சடங்கு வச்சா மொத ஆளா சீர் கொண்டாரப்போறவன் நானு. தாய்மாமன் நான் இருக்கேன்ல? அவன அங்கிட்டு இங்கிட்டு தேட வேணாம். அவனாவே வரட்டும்."

"மாமா, மின்னல் நல்ல பொண்ணு மாமா" என்று சிவரஞ்சனி அழுதாள்.

"நீ சும்மா இரு ஆத்தா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

மின்னல் சின்னப் பிள்ளையாக நடித்தால் தானும் அப்படியே நடிப்பது என்று சுகுணா முடிவு செய்தாள். மகளைப் போல எழுதுவது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. 'சனிக்கிழமை காலையில புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வா. நேர்ல பாக்கலாம். தனியா வா. உங்க வீட்டுல சொல்லாத. வந்தா பெரிய டெடி பொம்மை தரேன்.' அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் பை கொண்டுவரும்படி எழுதி அனுப்பினாள்.

கேட்ட மாத்திரத்தில் பதில் போடும் மின்னல் அன்று முழுக்க மூச்சு விடவில்லை. மறுநாள்தான் பதில் வந்தது. 'சரி, வருகிறேன். எந்த இடத்தில் நிற்க வேண்டும்? நீ மட்டும்தான் வருவாயா?'

"பாத்தியா? பூவும் பொம்மையுமா போட்டு எழுதுன பய, இப்ப எப்புடி நோட்டம் பாக்குறான்னு" என்றான் நாகராசு. ஜூஸ் கடை வாசலில் நிற்கச் சொல்லிப் பதில் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை, மகளைப் பக்கத்து வீட்டு சொர்ணத்திடம் விட்டுவிட்டு சுகுணா அண்ணனோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நாகராசுவின் சிநேகிதர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள்.

மஞ்சள் பை வந்தது. அதைப் பிடித்திருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். ஜூஸ் எதுவும் வாங்காமல் கடை வாசலிலேயே நின்றான். கடந்து போகிற ஒவ்வொரு சிறுமியையும் உற்றுப் பார்த்தான். அவள்கூட யார் வருகிறார்கள் என்று அக்கம்பக்கமும் பார்த்தான். தூணுக்குப் பின்னால் நின்ற சுகுணாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த ஆளா என் பிள்ளையிடம் போட்டோ கேட்டது?

நாகராசு போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "மின்னலு நீதானடா?"

அந்த ஆள் பயப்படவில்லை. பதிலுக்கு நாகராசுவின் சட்டையைப் பிடித்தான். "யார்ரா நீ? ரஞ்சனி எங்க?"

"எங்க வீட்டுப் புள்ள பேர ஒன் வாயால சொல்றியா?"

முதல் அடி வாயிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அந்த ஆளால் ஒரு வார்த்தை முழுதாகப் பேச முடியவில்லை. "புள்ள புடிக்கிறவன்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், என்ன ஏதென்று தெரியாதவர்கள் எல்லோரும் ஓடிவந்து அடித்தார்கள். சுகுணாவும் செருப்பைக் கழற்றினாள். ஆத்திரம் தீருமட்டும் அடித்தாள்.

போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வருவதற்குள் அந்த ஆள் தரையில் சரிந்திருந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

கீழே விழுந்து கிடந்த அவனுடைய போன் அடித்தது. திரையில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியின் படம்.

"அடப்பாவி, இன்னொரு புள்ளையா!" என்று கூட்டத்தில் ஒருவன் அவன் இடுப்பில் எட்டி உதைத்தான்.

அந்தப் பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று சுகுணா பாய்ந்து போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பக்கமிருந்து சின்னக் குரல் படபடத்தது:

"அப்பா, என்னையத் தனியா வரச் சொன்ன ஆளு வந்துட்டானா? நீங்க கிட்டப் போகாதீங்கப்பா, போலீஸக் கூப்புடுங்க!"