மதியக் காட்சியில் ஒரு விசில்

திரையில் மலை போன்ற மிருகம் கடலைக் கிழித்துக்கொண்டு நகரத்துக்குள் நுழைகிறது. இருக்கைகள் அதிர்கின்றன, அதன் கண்ணின் பச்சை வெளிச்சம் வரிசை வரிசையாக முகங்களின் மேல் ஊர்கிறது. பஸ் ஓட்டும் அக்கா, மடியிலிருக்கும் சோளப்பொரியை மறந்து முன்னால் சாய்ந்திருக்கிறாள். பக்கத்தில் தம்பி, பத்திரிகைக்கு சினிமா விமர்சனம் எழுதுகிறவன். காலையில் வந்த அவன் விமர்சனம் இந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அவனையும் இழுத்து வந்திருக்கிறாள். "இதுல கதை எங்க இருக்குக்கா?" என்று முணுமுணுக்கிறான். "கதை கெடக்கட்டும். வாயை மூடிட்டுப் பாரு." மிருகம் காலைத் தூக்குகிறது. கீழே ஒரு பஸ். "போச்சு, உன் வண்டிய மிதிக்கப் போகுது." "மிதிக்கட்டும்டா! நாள் முழுக்க ஹாரன் அடிச்சாலும் எனக்கு ஒருத்தன் வழி விடமாட்டான். இதுக்கு ஊரே ஒதுங்குது பாரு!" பஸ் சுக்குநூறாகிறது. அக்கா எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கிறாள். பின்வரிசையில் யாரோ ஏளனமாகச் சிரிக்கிறார்கள். தம்பி இருக்கைக்குள் புதைகிறான். "உக்காருக்கா, மானம் போகுது. என்கூட எழுதுறவங்கல்லாம் பின்னாடி இருக்காங்க." "இருக்கட்டுமே. அவங்களுக்கும் கேக்கட்டும்." மிருகம் அரங்கத்தின் பக்கம் திரும்பி, வாயை முழுதாகத் திறந்து உறுமுகிறது. அவள் உட்காரவில்லை. பச்சை வெளிச்சம் முகத்தில் வழிய, அந்த உறுமலைவிட உரக்க இன்னொரு விசில் அடிக்கிறாள்.