ஸ்டியரிங்கில் ஆட்டம்

"ஸ்டியரிங் லொடலொடன்னு ஆடுது. நேராப் பிடிச்சாலும் வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு, இங்க கொண்டுவந்து விட்ட டிரைவர் சொன்னார்," என்றேன்.

மெக்கானிக் எங்கள் எஸ்யூவியின் முன்சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார். "ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட சேக்குற டை ராடு எண்டு ரெண்டும் தேஞ்சு போச்சுக்கா. ஒரிஜினல் போடவா, சாதா போதுமா?"

பழக்கதோஷத்தில் கணவரைப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. வலது கையும் வராது.

"ஒரிஜினலே போடுங்க. இனிமே நான்தானே ஓட்டணும்."

"ஓட்டத் தெரியுமாக்கா?"

"லைசென்ஸ் இருக்கு. கல்யாணமான புதுசுல இதே வண்டியை ஒரு தடவை எடுத்தேன், கோணல்மாணலாப் போச்சு. 'உன் கைக்கு ஸ்டியரிங் நிக்காது'ன்னு இவர் சாவியை வாங்கிக்கிட்டார்."

மெக்கானிக் சிரித்தார். "அப்பவே இது தேஞ்சுதான்க்கா இருந்துச்சு. மாத்திடலாம்னு நான்கூடச் சொன்னேன். 'எனக்குப் பழகிப்போச்சு, இப்படியே கிடக்கட்டும். அப்பதான் அவ சாவி கேக்க மாட்டா'ன்னார் சார்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஆட்டமே இல்லை.

"கழட்டின பழைய சாமானை எங்க வைக்கட்டும்க்கா?"

"அவர் மடியில வைங்க."